ஏறும்போதா, இறங்கும்போதா?

தொண்ணூறுகளில் போடியில் ஒருவருடைய வண்டியின் சைலன்சர் 'டமார்' என்று வெடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஓட்டிவந்தவரின் முகம் சுருங்கிப்போகும். வண்டியை வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று டீக்கடை பெஞ்சே முடிவு கட்டிவிடும். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த வண்டி பட்டறை வாசலில் நிற்கும்.

இன்று அதே வெடியை இளைஞர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, ஓடுகிற வண்டியின் சாவியை அணைத்து, மறுபடி திருகி, வேண்டுமென்றே வெடிக்கவைக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு பழுது அலங்காரமாகிவிட்டது.

சத்தம் எனக்குத் தொந்தரவாக இருப்பது உண்மைதான். அதைவிடப் பெரிய கவலை வேறு. அன்று அந்த வெடியைக் கேட்டதும் 'இது எதனால்?' என்று யோசிக்கிற ஒரு பழக்கம் இந்த ஊரில் இருந்தது. மலையடிவாரத்து ஊர் என்பதால் வண்டி ஓட்டிய ஒவ்வொருவருக்கும் அது கொஞ்சமாவது கைவந்திருந்தது. அந்தப் பழக்கம் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது.

போடி என்று நாங்கள் சொல்லும் போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். புலியூத்து, அப்புறம் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 17. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த பழைய 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. இப்போது இதன் எண் 85. மெட்டைத் தாண்டினால் கேரளம்; பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று ஏலத்தோட்டங்கள். அதிகாலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறும். அவற்றுக்கு நடுவே கணக்கப்பிள்ளைகளும் ஏலக்காய் வியாபாரிகளும் ராஜ்தூத், எஸ்டி, புல்லட் என்று ஆளுக்கொரு வண்டியில் ஏறுவார்கள். எல்லாம் கார்பரேட்டர் வண்டிகள்.

கார்பரேட்டருக்கு மலை தெரியாது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் போகும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல், அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கி ஜெட் என்னும் நுண்துளை வழியாக மேலேறிக் காற்றில் தூவப்படுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகாதபோது ஸ்லோ ஜெட், முழுதாகத் திருகும்போது மெயின் ஜெட், இரண்டுக்கும் நடுவில் ஸ்லைடில் தொங்கும் நீடில். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துத் திருத்துகிற ஏற்பாடு எதுவும் அதற்குள் கிடையாது. துளை எந்த அளவோ அதுதான் கணக்கு.

போடியில் சரியாக இருந்த கணக்கு மெட்டில் பிசகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோலோ அந்த அளவுக்குக் குறையாமல் வந்துகொண்டிருக்கிறது. கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும். புகை கறுக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், இழுவை குறையும். அதனால் அந்தக் காலத்தில் மலையில் வண்டிக்கு எது வந்தாலும் பழி உயரத்தின் மேல்தான் விழும். "மேல காத்து பத்தாதுல்ல" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதை அப்படியே நம்பாத ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பா பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வீட்டில் ஒரு 350 சிசி புல்லட். ஒரு தென்மேற்குப் பருவமழை முடிகிற சமயத்தில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏறும்போது திணறி நிற்கும், இறங்கும்போது வெடிக்கும். ஊருக்குள் ஒரு தகரக்கூரைப் பட்டறை. அந்த மெக்கானிக் அண்ணன் எங்களைப் பார்த்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை. வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"வெடிக்குதுன்னா எப்ப வெடிக்குது தம்பி? ஏறும்போதா, இறங்கும்போதா?"

"இறங்கும்போதுண்ணே. ஆக்சிலேட்டரை விட்டதும் வெடிக்குது."

"ஏறயில?"

"திணறுது. பாதி மேட்டுல நின்னுருது. செத்த நேரம் விட்டு எடுத்தா மறுபடி ஓடுது."

"நிக்கிறதுக்கு முன்னாடி கார்பரேட்டர் பக்கம் துப்புதா?"

"ஆமாண்ணே, ரெண்டு மூணு தடவ."

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "கணக்கப்பிள்ளை, கரும்பொக வருதா?"

"இல்லப்பா. பொக ஒண்ணும் பெருசா இல்ல."

"அப்ப மலை மேல பழியப் போடாதீங்க. இது ரெண்டு சீக்கு. ஒண்ணுன்னு நெனச்சுத் தேடுனா ரெண்டுமே அகப்படாது."

கரும்புகை இல்லையென்றால் பெட்ரோல் கூடிப்போகவில்லை. கார்பரேட்டர் துப்புகிறதென்றால் பெட்ரோல் பற்றவில்லை. கலவை மெலிந்தால் மெதுவாக எரியும். அடுத்த தடவை இன்லெட் வால்வு திறக்கிறவரைக்கும் உள்ளே தீ அணையாமல் இருந்து, புதிதாக வருகிற கலவையைப் பற்றவைத்துவிடும். அதுதான் கார்பரேட்டர் வழியாகத் திருப்பி அடிப்பது. சைலன்சர் பக்கத்து வெடி வேறு சங்கதி. உள்ளே எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் அங்கே பற்றிக்கொள்வது அது. இரண்டையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். அவர் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டுதான் கையை வைத்தார்.

முதலில் பிளக்கைக் கழற்றினார். முனை காய்ந்த காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி, கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு. எங்கள் பிளக் வெளுத்திருந்தது. அதை இஞ்சின் மேல் படும்படி வைத்துக் கிக்கரை மிதித்தார். பொறி நீலமாக, திடமாக விழுந்தது. மஞ்சளாகச் சோர்ந்து விழுந்திருந்தால் வேலை மின்சாரத்தின் பக்கம் போயிருக்கும்.

பிறகு, பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்து வெட்டுகிற பாயின்ட்டின் மூடியைத் திறந்தார். ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்தார்: 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள். "இதுல நீலமாப் பெருசாப் பொறி செதறுனா கண்டன்சர் போச்சுன்னு அர்த்தம். இது செதறல, பாத்துக்க" என்று என்னைக் கிட்டே இழுத்துக் காட்டினார். இஞ்சின் ஆறியிருந்ததால் வால்வைத் திறக்கிற புஷ்ராடையும் விரலால் சுழற்றிப் பார்த்தார். அது தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுகிப்போயிருந்தால் வால்வு முழுதாக மூடாது, அதனாலும் வெடிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வேலை செய்தார். டேங்க் மூடியை இறுக்கி மூடிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு முந்தல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் இஞ்சினை அணைத்தார். என்னை அருகில் நிற்கவைத்து மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம். மூடியில் காற்று போவதற்கு ஒரு சிறு துளை உண்டு. மழைக்காலத்துச் சேறும் தூசியும் அதில் கெட்டித்துப்போயிருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவில்லையென்றால், தண்ணீர் பாட்டிலில் வாயை ஒட்டவைத்து உறிஞ்சும்போது பாட்டில் ஒடுங்கித் தண்ணீர் வர மறுப்பதுபோல், டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க மறுக்கும். மேடு ஏறும்போது பெட்ரோல் அதிகம் தேவைப்படுவதால் அங்கே போய்த்தான் வண்டி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். ஏறும்போது வந்த சீக்கு ஒரு துளை அழுக்கு.

இரண்டாவது சீக்குக்குக் குனிந்து, சைலன்சர் குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்தைக் காட்டினார். அங்கே மையிட்டதுபோல ஒரு கரிக்கோடு. கேஸ்கட் தேய்ந்து புகை கசிந்த தடம் அது. புகை வெளியே கசிகிற இடத்தில் காற்று உள்ளேயும் போகும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் குழாய்க்கு வருகிறது. கசிவு வழியாக வந்த காற்று அதோடு சேர்கிறது. குழாய் சூடாக இருக்கிறது. வெடிக்க வேறென்ன வேண்டும்?

கேஸ்கட்டை மாற்றினார். ஆனாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் கொடுப்பது ஸ்லோ ஜெட் என்பதால் அதையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையை உருவி நீட்டினேன். அவர் அதை வாங்கி ஓரமாகப் போட்டார். "கம்பி விட்டா ஓட்டை பெருசாயிரும் தம்பி. அப்புறம் ஆயுசுக்கும் இது பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல்ல ஊறப்போட்டு ஊதுனாப் போதும்." ஊதி மாட்டினார். ஏர் ஸ்க்ரூவை முழுதாக மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து, பிறகு காதைச் சாய்த்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருகினார். இஞ்சின் எந்த இடத்தில் நிதானமாகவும் சுறுசுறுப்பாகவும் ஓடியதோ அங்கே நிறுத்தினார்.

ஒவ்வொன்றையும் முடித்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தார். மொத்தத்தையும் முடித்துவிட்டு ஒரேயடியாகப் பார்க்கலாமே என்று அப்பா சொன்னபோது, "ரெண்ட ஒண்ணா மாத்திட்டா எது சரி பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியாமப் போயிருமே" என்றார். ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அவர் அதைப் பட்டறையில் கடைப்பிடித்தார்.

மூடுபனிக்கும் அவரிடம் ஒரு சோதனை உண்டு. மெட்டில் பனி இறங்கும்போது வண்டி மிஸ் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், இரவில் கொண்டுவரச் சொல்வார். விளக்கை அணைத்து, பிளக் ஒயரின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து இஞ்சினை ஓடவிடுவார். ஒயரில் விரிசல் இருந்தால் இருட்டில் நீலப்பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும்.

அந்த உலகம் படிப்படியாக மாறியது. பாயின்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, புதிய வண்டிகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. போடியின் ஒவ்வொரு தெருவிலும் மூட்டை சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. இப்போது வண்டிக்கு மலை தெரியும். காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை இன்னொன்று அளக்கிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று ஒரு சிறு கணினி முடிவெடுக்கிறது. முந்தலில் எப்படி ஓடியதோ அப்படியே மெட்டிலும் ஓடுகிறது.

இதை நான் மனதார வரவேற்கிறேன். சோக்கை இழுத்துவைத்துக்கொண்டு பனியில் கிக்கரை மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மழையில், பாதி மலையில், பிள்ளைகுட்டியோடு நின்றவர்களையும் தெரியும். இன்று பெண்கள் தாங்களே ஸ்கூட்டரில் மலையேறி வேலைக்குப் போய்வருகிறார்கள். நம்பி ஏறலாம் என்கிற வண்டி கையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. புகையும் குறைந்திருக்கிறது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை.

போனது கேள்விதான். அண்மையில் உறவுக்காரப் பையன் ஒருவனின் புது வண்டி இறக்கத்தில் வெடிக்க ஆரம்பித்தது. கொண்டுபோன இடத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள். பழுது எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். பிளக்கை மாற்றினார்கள், பிறகு ஏர் ஃபில்டரை, பிறகு இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் வந்தது, வெடி நிற்கவில்லை. எப்போது வெடிக்கிறது என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் அதைக் கவனித்ததில்லை. கடைசியில் வேறொரு சின்னப் பட்டறையில், இருபது வயசு தாண்டாத ஒரு பையன் குனிந்து பார்த்துக் கரிக்கோட்டைக் கண்டுபிடித்தான். அதே கேஸ்கட் கசிவு. இன்ஜெக்ஷன் வண்டியில் இந்தக் கசிவு இன்னும் ஒரு குழப்பத்தைச் செய்யும். கசிவு வழியாக நுழைகிற காற்றைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார், கலவை மெலிந்துவிட்டது என்று தகவல் அனுப்பும். கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். கருவி சொல்வதைச் சந்தேகிக்கத் தெரிந்த ஆள் இன்றும் வேண்டியிருக்கிறது. அந்தப் பையனிடமும் ஸ்கேனர் இருக்கிறது. கண்ணால் பார்த்த பிறகுதான் அதை எடுக்கிறான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு சங்கதி சேர்ந்திருக்கிறது. 2023இல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். அதே ஜெட், அதே துளை என்றால் கலவை மெலிந்துவிடும். மெலிந்தால் பழைய வண்டி இறக்கத்தில் வெடிக்கும். கார்பரேட்டரையே கழற்றிப் பார்க்காமல் 'வண்டிக்கு வயசாகிவிட்டது' என்று பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினாலோ, ஜெட்டை ஒரு எண் கூட்டினாலோ பல வண்டிகள் தேறிவிடும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அன்று போடியில் நன்றாக ஓடிய வண்டி மெட்டில் பெட்ரோல் கூடித் திணறும். இன்று எத்தனால் கலந்த பெட்ரோலில் கீழே மெலிந்து முரண்டு பிடிக்கிற எங்கள் புல்லட், மெட்டை நெருங்க நெருங்கச் சமாதானமாகிறது. எத்தனால் மெலியவைத்ததை உயரம் ஈடுகட்டிவிடுகிறது. காரணம் தெரிந்தவருக்கு இது கணக்கு, தெரியாதவருக்கு மாயம்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பனியும் மழையுமாக இருக்கிற மலைப்பக்கத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தண்ணீரும் வெள்ளைப் பூப்பும் படிந்திருக்கும். பழைய ரப்பர் டியூப் ஊறி உப்பிப்போயிருக்கும். நிறுத்திவைக்கும் முன் பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைத்தால் இந்தத் தொல்லையில் பாதி வராது.

இனி, விலைக்கு வாங்குகிற வெடி. சாவியை அணைத்ததும் பொறி நின்றுவிடுகிறது. கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் மட்டும் எரியாமல் சைலன்சருக்குப் போய்ச் சேர்கிறது. சாவியைத் திருகியதும் மொத்தமாக வெடிக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் இதே வேலையைக் கணினியின் கணக்கையே மாற்றிச் செய்கிறார்கள். புகையைச் சுத்தப்படுத்தக் குழாய்க்குள் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இதில் கெட்டுப்போகும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், 190(2) பிரிவின்படி இப்படிப்பட்ட ஒலி மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிட நான் சொல்ல விரும்புவது இடத்தைப் பற்றி. மெட்டுக்கு அப்பால் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. அதைத் தாண்டிச் சின்னக்கானல். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது அங்கேதான். அடுத்த மாதமே அது கம்பம் நகருக்குள் நடந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. யானை நடமாடுகிற காட்டில், சுமையோடு ஜீப் திரும்புகிற வளைவில், எதற்காக ஒரு வெடிச்சத்தம்?

தம்பிகளிடம் கோபித்துப் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கிற இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் காட்டவில்லை. போடியிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே, வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்கிற பெர்னூலி தேற்றத்தைக் கரும்பலகையில் படிக்கிற மாணவர்கள், பழைய கார்பரேட்டர் ஒன்றை மேசைமேல் பிரித்துப் பார்த்துவிட்டு அதே வண்டியில் 17 வளைவும் ஏறிப் பார்க்கட்டும். பட்டறைப் பெரியவர்கள் சிலர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கார்பரேட்டர் நாளை முற்றிலும் மறையலாம். எளிதானதை முதலில் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் ஓட்டிப் பார் என்கிற வரிசை, பேட்டரி வண்டிக்கும் வீட்டு மோட்டாருக்கும் பொருந்தும்.

வண்டி ஓட்டுகிற மற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பட்டறைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைக் கவனித்துவிட்டுப் போங்கள்: ஏறும்போதா இறங்கும்போதா, சூடேறும் முன்பா பின்பா, ஆக்சிலேட்டரைத் திருகும்போதா விடும்போதா, புகை கறுப்பா இல்லையா. இந்த நான்குக்கும் பதில் சொன்னால் நல்ல மெக்கானிக் பாதி வழியிலிருந்து தொடங்குவார். தேவையில்லாத உதிரிபாகத்துக்கு நீங்கள் காசு கொடுக்க மாட்டீர்கள். பழைய வண்டியில் போகும்போது மேட்டில் திணறி நின்றுவிட்டால், யாருக்கும் போன் செய்வதற்கு முன்னால் வளைவைவிட்டுத் தள்ளி ஓரமாக நிறுத்தி, இஞ்சினை ஆறவிட்டு, முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள்.